வீட்டில் ஒரு விசேஷம்

கடையிலிருந்து திரும்பி அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஒரு தட்டை நீட்டினாள். தட்டில் ஆப்பிள். தோல் சீவி, விதை நீக்கி, ஒரே அளவில் துண்டு போட்டு, கறுத்துப்போகாமலிருக்க உப்புத்தண்ணீரில் நனைத்தெடுத்த ஆப்பிள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து பழம் வெட்டுகிற கை அவளுடையது, தட்டை வாங்குகிற கை அத்தையுடையது. வேறு யாருக்காவது நீட்டுகிறாளோ என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கதவுதான் இருந்தது.

“உக்காந்து சாப்பிடு. பையை இங்க குடு, நான் வெக்கிறேன். இனிமே வெயிட்டெல்லாம் தூக்காத.”

பையில் இருந்தது காலி டிபன் பாக்ஸும் ஒரு மஞ்சள் குடையும். வெயில் காலத்திலும் அந்தக் குடை பையிலேயே கிடக்கும். எடுத்து வெளியே வைக்கச் சோம்பல். அதற்குப் போய் வெயிட்டு என்றால் எப்படி? இந்த வீட்டில் காரணமில்லாத அன்பு வந்தால் பின்னாலேயே ஒரு கெட்ட செய்தி வரும்.

“யாருக்காவது உடம்பு சரியில்லையா அத்தை?”

அத்தை சிரித்தாள். கண்ணோரம் சுருங்கிய நிஜமான சிரிப்பு. “எங்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலை பாத்தியா. அவன் பஸ்ஸு கண்டக்டர் பொண்டாட்டி ஃபோன் பண்ணித்தான் எனக்குத் தெரியணுமா? மூணு மாசம் முடியட்டும்னு இருந்திருப்ப. அதுவும் சரிதான். கண்ணு பட்டுடும்.”

வாயில் போட்ட துண்டை அவளால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தட்டோடு உள்ளே போனாள். உள்ளே என்றால் தனி அறை இல்லை. ஹாலை இரண்டாகப் பிரித்து நிற்கும் பீரோவுக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கட்டில் நுனியில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். பணிமனையில் எல்லோரும் அவனை பைலட்டு என்பார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன். அவ்வளவு உயரத்துக்கு இவன்தானே ஏற்றிப்போகிறான் என்று யாரோ வைத்த பெயர். இப்போது பைலட்டு புது பஸ்ஸைச் சுவரில் உரசிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

“என்ன சொல்லி லீவு கேட்டீங்க?” என்றாள் தணிந்த குரலில். பீரோவுக்குப் பின்னால் எல்லாமே தணிந்த குரல்தான். காதலும் சண்டையும் ஒரே சத்தத்தில் நடக்கும் இடம் அது.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “வீட்ல ஒரு விசேஷம்னு.”

புதன்கிழமைத் திட்டம் அவனுடையதுதான். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவள் பாத்திரம் கழுவும்போது அருகில் வந்து நின்று, அத்தைக்குக் கேட்காமல், “ஒரு டேட் போலாமா?” என்று கேட்டான். அவளுக்கு முதலில் புரியவில்லை. “எந்த டேட்டு?” என்றாள். “புதன்கிழமை.” “நான் தேதியைக் கேட்டேன்.” “நானும் அதைத்தான் சொல்றேன்.” இரண்டு பேரும் குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் சிரித்தார்கள்.

அவனுக்கு ஒரு குறை உண்டு. மலை உச்சியில் பஸ் வளைந்து திரும்பி நிற்கும் இடத்தில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் எதிரே ஒரு தடுப்புச்சுவர். பாசி பிடித்த சுவர். அதில் பாதி கிழிந்த ஒரு விளம்பரம். வருகிற பயணிகள் எல்லோரும் இறங்கி அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி, எவ்வளவு பெரிய ஊரு” என்பார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பான். இறங்கும்போது கண் ரோட்டில் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். வரிசையாகப் பிடரிகள்தான் தெரிந்தன. “வாரக்கடைசியில அங்க ஊர் தெரியாது, ஊர்ல உள்ளவங்கதான் தெரிவாங்க” என்பான். அதனால்தான் வாரநாள். காலையில் மலை, வெயில் ஏறியதும் ஆற்றுப்பாலத்தின் நடைபாதை, சாயங்காலம் மார்க்கெட்டின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி. எங்கே எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். “நம்மகிட்ட கார் இல்லையே, மேல விடுவாங்களா?” என்று அவள் கேட்டதற்கு, “லிஃப்டுக்குத் தெரியுமா நம்மகிட்ட கார் இல்லன்னு?” என்றான்.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்னால் கூட்டமும் வெளிச்சமும் இருக்கும்; பின்னால் ஒரு சின்ன அறையில் அவள், லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்க்கும் இயந்திரம், ஃபிரேமை இளக்குகிற சூடான காற்று. விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளைத் தூள். ஊரே தெளிவாகப் பார்க்க வழிசெய்தவள் கீறல் விழுந்த கண்ணாடியோடுதான் வருஷக்கணக்காகத் திரிந்தாள். புதன்கிழமை என்று முடிவானதும் தனக்கென்று ஒரு ஜோடி லென்ஸ் எடுத்து, நடுப்புள்ளி குறித்து, நிதானமாகத் தேய்த்து, சிவப்பு ஃபிரேமில் பொருத்திக்கொண்டாள். லீவு கேட்டபோது முதலாளியம்மா வழக்கம்போல, “ஆஸ்பத்திரியா?” என்றார். “இல்ல மேடம்.” மீதியைச் சொல்வாள் என்று முதலாளியம்மா காத்திருந்தார். அவள் லென்ஸை ஊதித் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியா என்று கேட்டதில் தப்பில்லை. கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைத்த வாரநாள் லீவுகள் அத்தனையும் அங்கேதான் போயிருந்தன. பாதி நாள் அவனுக்கு லீவு கிடைக்காது, அவள் தனியாகப் போவாள். மூன்றாவது மாடிக் காத்திருப்பு அறையின் ஜன்னலில் மலை தெரியும். தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் மலையில் ஊர்ந்து ஏறும். ஊசிக்கு முன்னும் பின்னும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், இது அவன் ஓட்டுகிறதா, வேறு யாராவதா என்று. இரண்டு தடவை வயிற்றில் தங்கிய மாதிரி இருந்து தங்காமல் போனது. மூன்றாவது தடவை அந்த மாதிரியும் இல்லை. போன மழைக்காலத்தில் டாக்டர், “இன்னொரு முறை முயற்சி பண்ணிப் பாக்கலாம்” என்றபோது, அவன் தலையாட்டுவதற்கு முன் அவள் “வேணாம்” என்றாள். அந்தச் சொல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் அவளைப் பார்த்துவிட்டு, “அவ சொன்னா சரி டாக்டர்” என்றான். வெளியே வந்து, ஒரே குடைக்குள் நடந்து, பஸ் பிடித்தார்கள். அத்தையிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் ஓடிவிட்டன.

“பணிமனையில லீவுன்னா மூணு காரணம்தான்” என்றான் அவன் இப்போது. “சாவு, ஆஸ்பத்திரி, விசேஷம். யாரையும் சாகடிக்க மனசு வரல. ஆஸ்பத்திரின்னு சொல்ல வாய் வரல. மீதி இருந்தது அதுதான். நான் வேற ஏதோ அர்த்தத்துலதான் சொன்னேன். மேனேஜர் எழுந்து வந்து கைகுடுத்தாரு. எதுக்குக் குடுக்கறாருன்னு எனக்கு விளங்கல. ரெண்டாவது ட்ரிப்புல கண்டக்டர் அண்ணன் கட்டிப்பிடிச்சப்பதான்...”

“அப்ப இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“அண்ணன் கண்ணு கலங்கிடுச்சு. நான் எப்படி...”

“அதனால?”

“தேங்க்ஸ்ண்ணேன்னு சொல்லிட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவன் தலையில் தட்டைக் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தட்டோடு பீரோவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அத்தை, உக்காருங்க. அவர் சொன்னது வேற, அவங்க புரிஞ்சுக்கிட்டது வேற. அந்த விசேஷம் இல்ல.”

அத்தை தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாள். யாருக்கோ பேசி முடித்திருந்தாள், அல்லது ஆரம்பிக்கப்போகிறாள். “வேற என்ன விசேஷம்?”

“புதன்கிழமை நாங்க ரெண்டு பேரும் வெளிய போறோம். மலைக்கு.”

“எதுக்கு?”

“சும்மா.”

அத்தை மகனைப் பார்த்தாள். அவன் பீரோவின் ஓரத்தில், பாதி உடம்பு தெரிய நின்றிருந்தான். அந்தச் சொல்லை அத்தை தனக்குள் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் எங்கேயும் சும்மா போனதில்லை. அத்தை கணவனை இழந்து, தையல் மிஷினை மிதித்து மகனை வளர்த்தவள். அவள் வாசலைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லவும் வேண்டியிருந்தது.

“கீழ் வீட்ல சொல்லிட்டேன்” என்றாள் மெதுவாக. “மேல் வீட்ல சொல்லிட்டேன். ஒன் நாத்தனார்கிட்ட சொன்னேன், அவ அழுதுட்டா. இப்ப நான் அவங்ககிட்டல்லாம் என்னன்னு சொல்றது?”

அத்தை யோசித்தாள். கோபப்படுவாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள், கோபமாயிருந்தால் சுலபமாயிருந்திருக்கும். அத்தை கை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள்.

“ஒண்ணு பண்ணலாம். புதன்கிழமை எங்கேயும் போகாத. ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் தங்கலன்னு சொல்லிடலாம். நானே சொல்லிக்கிறேன், ஒனக்கு எந்தக் கஷ்டமும் வேணாம். பாவம்னு விட்டுடுவாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க.”

அதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பயங்கரம். பீரோ ஓரத்தில் அவன் தலை லேசாக அசைவதை, அது நல்ல வழிதானோ என்பதுபோல அசைவதை, அவள் பார்த்துவிட்டாள்.

“இல்லாத புள்ளைய நான் சாகடிக்கமாட்டேன் அத்தை.”

“ஏம்மா இப்படிப் பேசுற.”

“ரெண்டு தடவை நெசமா அழுதாச்சு. உங்களுக்குத் தெரியும், பக்கத்துல நீங்கதான் இருந்தீங்க. மூணாவதா ஒரு தடவை பொய்யா அழ என்னால முடியாது. படியேறும்போது அவங்க பாவம்னு பாப்பாங்க, நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வரணும். எதுக்கு? நானும் என் புருஷனும் ஒரு நாள் மலைக்குப் போறதுக்கா?” குரல் தணிந்ததாக இல்லை. மேல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது. “ஆஸ்பத்திரியும் இனிமே இல்ல. நிறுத்திட்டோம்.”

அத்தையின் கை முழங்கையிலிருந்து விலகியது. “யாரைக் கேட்டு?”

“என்னைக் கேட்டு.”

அத்தை எழுந்தாள். தட்டில் மிச்சமிருந்த துண்டுகள் அதற்குள் பழுப்பேறியிருந்தன, உப்புத்தண்ணீருக்கும் ஒரு அளவு உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை.

“கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்” என்றான் அவன்.

“நீங்க சொல்லியிருக்கலாம்.”

“தள்ளிப்போடலாமா? அடுத்த மாசம்...”

“நீங்க வரலைன்னா பரவால்ல. நான் தனியா போறேன். பாலத்துக்கும் போறேன், லிஃப்டுக்கும் போறேன். நீங்க அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு இருங்க.”

புதன்கிழமைவரை அத்தை அவசியத்துக்கு மேல் பேசவில்லை. அன்று காலையும் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றாள். அவன் சட்டையை இரண்டு தடவை மாற்றினான். சீருடை இல்லாமல் காலையில் வெளியே போவது அவனுக்கு எதையோ மறந்துவிட்டுப் போவதுபோல இருந்திருக்க வேண்டும். கதவருகே நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டுப் பார்த்தான். அவள் சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “போயிட்டு வர்றோம் அத்தை” என்றாள். முதுகு கொஞ்சம் அசைந்தது. அது தலையாட்டலா, கரண்டியைத் திருப்பியதா, தெரியவில்லை.

படியில் கீழ் வீட்டு அக்கா வழிமறித்தாள். “மெதுவா இறங்கும்மா. கைப்பிடியைப் புடிச்சுக்க. செக்கப்பா?”

“இல்லக்கா, ஊர் சுத்தப் போறோம். வயித்துல ஒண்ணும் இல்ல, அது தப்பான சேதி.”

சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள்.

மலை பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. ஏறியதும் கண்டக்டர் கூவினார். “வா தங்கச்சி வா. பைலட்டு, பாத்து ஏத்து. பெரியவரே, எந்திரிங்க, இது கர்ப்பிணிங்க சீட்டு.” முன் இருக்கையில் மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த கிழவர் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க முயன்றார்.

“நீங்க உக்காருங்கய்யா” என்றாள் அவள். “எனக்கு வேணாம்ண்ணே.”

“என்ன வேணாம்? இந்த மலை வளைவுல நிக்கப்போறியா? ஒங்க அத்தை என்னைய கொன்னுபோட்ருவாங்க. வெக்கப்படாம உக்காரு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்த இரண்டு பெண்கள் வாய்நிறையச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றுமில்லை. உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், கிழவரைத் தவிர. அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. படியில் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன் மாதிரி, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையை மேலேயும் பக்கத்திலேயும் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. ஒரு நிறுத்தம் வந்து போனது.

“அண்ணே” என்றான் அவன். ஒருவழியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், “அண்ணே, விசேஷம்னு சொன்னது நான்தான். நீங்க நெனைக்கறது இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.”

“பின்ன லீவு எதுக்குடா எடுத்த?”

“இவகூட மலை பாக்க.”

“மலை பாக்கவா? தெனம் ஆறு தடவை போற மலையை?”

“போறேன். பாத்ததில்ல.”

கண்டக்டர் வாய்வரை கொண்டுபோன விசிலை இறக்கினார். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தச் சதைப்பற்றுள்ள முகம் நாலைந்து முகங்களை முயன்று பார்த்தது. பின்னால் சிரித்த பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாதி எழுந்த நிலையில் இருந்த கிழவர்தான் கேட்டார். “அப்ப நான் உக்காரலாமாப்பா?”

“உக்காருங்கய்யா” என்று அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

“ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றான் அவன்.

“ஒனக்கெதுக்குடா டிக்கெட்டு?”

“இன்னிக்கு நான் டிரைவர் இல்ல.”

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, “கம்பியைப் புடிச்சுக்க தங்கச்சி, வளைவு வருது” என்று மட்டும் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். அது எல்லோருக்கும் சொல்கிறதுதான்.

உச்சியில் பஸ் வளைந்து, பாசிச் சுவரைப் பார்த்து நின்றது. இறங்கியதும் அவன் பழக்கத்தில் சுவர்ப்பக்கம் நடந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள்.

வாரநாள் பயணிகள் வழி நிறுத்தங்களிலேயே இறங்கிவிட்டதால் கைப்பிடிக் கம்பியருகே யாருமே இல்லை. கம்பியில் இரவின் ஈரம் காயாமல் இருந்தது. கீழே ஊர். புது லென்ஸில் எல்லாம் கொஞ்சம் கூர்மையாக, தரை லேசாகச் சாய்ந்ததுபோலத் தெரிந்தது. பழக இரண்டு நாளாகும் என்று வாடிக்கையாளர்களிடம் அவளே சொல்வாள். தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள், பாலத்தின் இரண்டு முனைகள், நடுவில் மினுங்கும் ஆறு, இன்னும் கூட்டம் சேராத மார்க்கெட் கூரை. மத்தியானம் போகப்போகிற இடமும் சாயங்காலம் போகப்போகிற இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவன் கம்பியை இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாடி என்று சொல்லவில்லை. “இதெல்லாம் எனக்குப் பின்னாடியேதான் இருந்திருக்கு” என்றான்.

“பசிக்குது” என்றாள் அவள்.

பையில் கைவிட்டபோது, அவள் வைத்த ரொட்டிக்கும் குடைக்கும் நடுவில் குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு ஆப்பிள்கள். முழு ஆப்பிள்கள், தோலோடு.

“நீ எடுத்து வெச்சியா?”

“இல்லையே. நீங்க?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். வீட்டில் மீதி இருந்தது அத்தைதான். பிறகு அவள் ஒன்றைப் புடவையில் துடைத்துக் கடித்தாள். சாறு கண்ணாடியில் தெறித்தது. பின்னால் விசில் சத்தம் கேட்டது. பஸ் திரும்பி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் மறைந்து, இரண்டாவது வளைவில் தீப்பெட்டியாகத் தெரிந்தது.

அந்தத் தீப்பெட்டியைத் தொடர்ந்து போன அவள் கண், கீழே ஒரு வெள்ளைக் கட்டடத்தில் போய் நின்றது. இங்கிருந்து பார்க்கச் சின்னது. மாடி மாடியாக ஜன்னல்கள். மூன்றாவது மாடியை எண்ணிக் கண்டுபிடித்தாள். புதன்கிழமை அங்கே நாற்காலிகள் நிரம்பியிருக்கும். ஜன்னலோர நாற்காலி எப்போதும் காலியாக இருக்காது. யாராவது ஒருத்தி பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்து, சுவரில் பார்க்க எதுவும் இல்லாமல், மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் ஆப்பிளை வாயில் கவ்விக்கொண்டு பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். துடைத்துவிட்ட மாதிரி இருந்த வானத்துக்குக் கீழே மஞ்சள் குடை பட்டென்று பூத்தது.

“மழை எங்க வருது?” என்றான் அவன்.

வாயில் ஆப்பிள் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. குடையைக் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி, அந்த ஜன்னலைப் பார்த்தபடி, இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினாள்.